அடிச்சாத்தான் உண்மை வருமா?

பச்சைமலை டூர் முடிஞ்சு பஸ் துறையூரைத் தாண்டுது. திடீர்னு ஒரு ஃப்ரெண்டோட பர்ஸைக் காணோம். நாலு பேர் சுத்தி நின்னு, 'நீதானே எடுத்தே?'னு ஒருத்தனை மிரட்டினா என்ன ஆகும்? முகம் வெளிறும், நாக்கு குழறும். 'பாரு, முழிக்கிறான்... இவன்தான்!'னு தீர்ப்பே சொல்லிடுவீங்க. பர்ஸ் சீட்டுக்கு அடியில கிடக்கும்!

பதற்றம் வேற, பொய் வேற. போலீஸ் விசாரணையிலும் இதுதான் சிக்கல்.

நம்ம திருச்சியையே எடுத்துக்கோங்க. 2012 மார்ச் 29-ல் தில்லைநகரிலிருந்து வாக்கிங் போன தொழிலதிபர் ராமஜெயம், திருவளர்சோலை அருகே பிணமாகக் கிடந்தார். பத்து வருஷம் கழிச்சும் துப்பு துலங்காததால், சிறப்புப் புலனாய்வுக் குழு உண்மை கண்டறியும் சோதனையைக் கையில் எடுத்தது. கோர்ட் அனுமதியோடு, 2023 ஜனவரியில் சென்னையில் சோதனை நடந்தது. சம்மதம் சொன்னவர்களுக்கு மட்டும்தான்!

ஏன் சம்மதம்? 2010-ல் செல்வி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு அப்படி. பாலிகிராஃப், நார்கோ, பிரெய்ன் மேப்பிங்... எதையும் கட்டாயப்படுத்தி செய்யக் கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லத் தேவையில்லை என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு. தவிர, அந்த மெஷின் அளப்பது மூச்சு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வையைத்தான். பொய்யை அல்ல!

'ரெண்டு தட்டு தட்டினா கக்கிடுவான்'னு சினிமா சொல்லும். நம்பாதீங்க பாஸ். வலி தாங்காதவன், செய்யாததையும் 'செஞ்சேன்' என்பான். 'பர்மிங்ஹாம் சிக்ஸ்' என்ற ஆறு பேர், அவர்களில் சிலரிடம் அப்படி வாங்கிய வாக்குமூலங்களால் 16 வருஷம் இங்கிலாந்து ஜெயிலில் கிடந்து, 1991-ல் நிரபராதிகளாக வெளியே வந்தார்கள். போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் நம்ம கோர்ட்டில் செல்லாது என்பதற்கும் இந்த பயம்தான் காரணம். அடியின் விலை உயிர் என்பதை 2020-ல் சாத்தான்குளம் காட்டியது.

அப்போ வாயைத் திறக்க வைப்பது எப்படி? 'அன்னிக்கு என்ன நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லுங்க'ன்னு கேட்டுட்டு, குறுக்கே பேசாமல் காது கொடுக்கணும். கையில் இருக்கும் ஆதாரத்தை உடனே காட்டாமல், அவர் சொன்ன கதையோடு கடைசியில் ஒப்பிடணும். 'கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லுங்க' என்றால் கட்டுக்கதை தடுமாறலாம். பயமும் அவமானமும்தான் வாயைப் பூட்டுது. மரியாதையா பேசினா அந்தப் பூட்டு தளரும்.

அடுத்த தடவை பர்ஸ் காணாமப் போனா, முதல்ல சீட்டுக்கு அடியில பாருங்க. அப்புறம் ஃப்ரெண்ட் முகத்தைப் பார்க்கலாம்!