தண்ணீரில் மின்சாரம் இருக்கிறதா?

ஒரு நாள் இரவு எங்கள் கற்போர் மையத்தில் கரண்ட் போய்விட்டது. அரிக்கேன் விளக்கை ஏற்றினோம். அப்போது ஒரு பெரியவர் கேட்டார்.

"ஏம்மா, அணையில் தண்ணீரிலிருந்து கரண்ட் எடுக்கிறார்களே. சத்தை எல்லாம் உறிஞ்சிவிட்டு, வெறும் சக்கைத் தண்ணீரைத்தானே வயலுக்கு விடுகிறார்கள்? பயிர் எப்படி விளையும்?"

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லையே! மறுநாள் என் பழைய பாடப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்தேன்.

டைனமோ வைத்த பழைய சைக்கிளைப் பார்த்திருப்பீர்கள். டைனமோவின் தலை டயரைத் தொட்டுக்கொண்டிருக்கும். சக்கரம் சுற்றினால் தலையும் சுற்றும். அதோடு சேர்ந்து உள்ளே ஒரு காந்தம் சுற்றும். காந்தத்தின் அருகில் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. காந்தம் சுற்றும்போது கம்பியில் மின்சாரம் ஓடுகிறது. விளக்கு எரிகிறது.

சைக்கிளை நிறுத்துங்கள். விளக்கு அணைந்துவிடும். காந்தம் அங்கேதான் இருக்கிறது. கம்பியும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அசைவு இல்லை. அசைவு இல்லாவிட்டால் மின்சாரம் இல்லை.

காந்தம் ஆணியைத் தொடாமலே இழுக்கிறது அல்லவா? அதன் சக்தி சுற்றிலும் பரவி இருக்கிறது. காந்தம் அசைந்தால், கம்பி இருக்கும் இடத்தில் அந்தச் சக்தி கூடும், குறையும். அந்த மாற்றம்தான் கம்பியில் மின்சாரத்தை ஓட வைக்கிறது. இதை 1831-இல் கண்டுபிடித்தவர் மைக்கேல் ஃபாரடே. இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகன். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பார்த்தார். பைண்டுக்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். டைனமோ போட்டால் பெடல் கனக்கும். விளக்கு சும்மா எரிவதில்லை. உங்கள் கால் உழைப்புதான் வெளிச்சமாகிறது.

அணையில் உங்கள் காலுக்குப் பதில் தண்ணீர். உயரத்திலிருந்து விழும் தண்ணீர் பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. அதனுடன் பெரிய காந்தம் சுற்றுகிறது. மின்சாரம் பிறப்பது கம்பியில். தண்ணீரில் அல்ல. தண்ணீர் இழப்பது விழுந்த வேகத்தை மட்டுமே. (சூரிய ஒளித் தகட்டில் மட்டும் காந்தமும் இல்லை, சக்கரமும் இல்லை. அது வேறு கதை.)

"அப்போ தண்ணீர் பெடல் மிதிக்குதுன்னு சொல்லு" என்றார் பெரியவர்.

கர்நாடகத்தில் சிவசமுத்திரம் அருவி இருக்கிறது. அங்கே 1902-இலேயே காவிரி நீரால் மின்சாரம் எடுத்தார்கள். சுமார் 150 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். அங்கே சக்கரம் சுற்றிய தண்ணீர் கீழே ஓடி வருகிறது. மேட்டூர் அணையில் மறுபடியும் சக்கரம் சுற்றுகிறது. அந்தத் தண்ணீரில்தான் தஞ்சாவூர் வயல்களில் நெல் விளைகிறது.