ஒரே நாளில் முடிந்த ரஞ்சி ஆட்டம்

தோலுக்குப் பேர்போன நம் அணைக்கட்டு, வேலூர், ஆம்பூர் வட்டாரத்துக்கு, தோல் பந்து பற்றிய தகவல் துளி இது.

1934 நவம்பர் 4, சேப்பாக்கம். ரஞ்சிக் கோப்பை கிரிக்கெட்டின் முதல் ஆட்டத்தில் சென்னையும் மைசூரும் மோதின. முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். ஆனால் அன்றைய நாயகன் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஏ.ஜி. ராம் சிங். முதல் இன்னிங்ஸில் 19 ரன்னுக்கு 6 விக்கெட், அடுத்ததில் 16 ரன்னுக்கு 5! மைசூர் 48, 59 என்று சுருண்டது. சென்னை எடுத்த 130 ரன்னே இன்னிங்ஸ் வெற்றிக்குப் போதுமானது. ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது!

ராம் சிங்குக்கு டெஸ்ட் வாய்ப்பு கிடைக்கவே இல்லை. ஆனால் அவருடைய மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார்கள்.