ஒரு வயலுக்குப் பல மண் பரிசோதனைகள்: வரைபடத்தில் காண்பது எப்படி?

இணைய வரைபடத்தில் ஒரு வயலைத் தொட்டால் சிறு கட்டம் தோன்றி, கிராமம், புல எண், பரப்பு ஆகியவற்றைக் காட்டும். அந்த வயலில் மூன்று முறை மண் பரிசோதனை செய்திருந்தும், முடிவு எதுவும் அக்கட்டத்தில் தெரியாமல் போவதுண்டு. சில சமயம் பழைய முடிவு மட்டும் தெரியும்.

கிராமக் கணக்குகளை அறிந்தவர்களுக்குக் காரணம் எளிதில் விளங்கும். 'அ' பதிவேட்டில் ஓர் உட்பிரிவுக்கு ஒரு பதிவுதான். சாகுபடி விவரமோ பசலிதோறும் அடங்கலில் ஏறும். இரண்டையும் இணைப்பது புல எண். கணினியிலும் வயல்களுக்கு ஓர் அட்டவணை, பரிசோதனைகளுக்கு வேறோர் அட்டவணை. கட்டம் தானாகப் படிப்பது முதல் அட்டவணையை மட்டுமே. மற்றதையும் காட்ட, 'ஸ்கிரிப்ட்' எனப்படும் சில வரிக் கட்டளைகளை எழுதி வைக்கலாம். எஸ்ரி நிறுவனத்தின் வரைபட மென்பொருளில் இதற்கு 'ஆர்கேட்' என்ற கட்டளை மொழி பயன்படுகிறது. தொட்ட வயலின் எண்ணைக் கொண்டு, பரிசோதனை அட்டவணையில் அதே எண்ணுள்ள வரிகளை மட்டும் சலித்தெடுத்து, புதியது மேலே வருமாறு அடுக்கிக் காட்டச் செய்யலாம்.

இந்த வரிசை முக்கியம். ஒரு வயலில் மணிச்சத்து எக்டருக்கு 2016இல் 9 கிலோ, 2023இல் 24 கிலோ இருந்ததாகக் கொள்வோம். 11 கிலோவுக்குக் குறைந்தால் பற்றாக்குறை. 22க்கு மேல் மிகுதி. பழைய முடிவை மட்டும் பார்ப்பவர் டி.ஏ.பி.யை வீணாக வாங்குவார்.

எண் பொருந்தாவிட்டால் எந்தக் கட்டளையும் உதவாது. '112/2ஏ' என்பதும், நடுவே இடைவெளி விட்ட '112 / 2ஏ' என்பதும் கணினிக்கு வெவ்வேறு. 112ஆம் புல எண் பல கிராமங்களில் உண்டு. கிராமக் குறியீட்டையும் சேர்க்காவிட்டால் அடுத்த ஊர் மண்ணின் முடிவு வந்து நிற்கும். இன்னொன்று: 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில், பாசனப் பகுதியில் இரண்டரை எக்டருக்கு, அதாவது சுமார் 6 ஏக்கருக்கு, ஒரு மாதிரி என்பதே முறையாக இருந்தது. ஆகவே அட்டையிலுள்ள முடிவு பக்கத்து வயல் மண்ணுடையதாகவும் இருக்கலாம்.

மண் மாதிரி கொடுக்கும்போது பட்டாவில் உள்ளபடியே கிராமம், புல எண், உட்பிரிவு, மாதிரி எடுத்த தேதி ஆகியவற்றைத் தெளிவாக எழுதித் தர வேண்டும். கட்டம் வெறுமையாக இருந்தால் பரிசோதனையே நடக்கவில்லை என்று எண்ண வேண்டாம். அட்டையையும் பட்டாவையும் வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு எடுத்துச் சென்று, எண்கள் ஒத்துள்ளனவா என்று சரிபார்க்கச் சொல்லலாம்.