கொல்லாமலும் காக்கலாம்

முத்துக்குளிப்பு நடைபெற்ற அந்நாட்களில் மன்னார்க் கடலோரத்தில் ‘கடல்கட்டி’ என்று ஒருவர் இருப்பார். முத்துச் சிப்பி எடுக்க நீரில் மூழ்குவோரைச் சுறா தீண்டாதபடி மந்திரத்தால் கட்டிவைப்பதே அவர் தொழில். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ இவர்களைப்பற்றி எழுதியிருக்கிறார். எடுக்கும் முத்துக்களில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குக் கூலியாம். இலங்கையில் ஆங்கில அரசின் உயர் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட், தம் காலத்தில் இத்தொழிலுக்குத் தலைமை வகித்தவர் ஒரு கத்தோலிக்கர் என்று குறித்திருக்கிறார். டென்னன்ட் சென்றிருந்த வேளையில் அத்தலைவர் நோயுற்றிருந்தபடியால் தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பியிருந்தார். வந்தவருக்கோ மந்திரம் தெரியாது. ஆயினும் தாம் தலைவரின் பிரதிநிதி என்பதை அறிந்து சுறாக்கள் மரியாதை காட்டும் என்று அவர் உறுதி கூறினாராம்!

மந்திரத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. திருச்சபை அதை ஏற்பதுமில்லை. ஆனால் மார்க்கோ போலோ கூறும் ஒரு செய்தி சிந்திக்கத்தக்கது. பகலுக்குப் போட்ட கட்டை இரவில் அவிழ்த்துவிடுவது அவர்கள் வழக்கமாம். இருளில் திருட்டுத்தனமாக முத்தெடுப்போரை அச்சுறுத்த அப்படிச் செய்திருக்கலாம். நோக்கம் எதுவாயினும், கொல்லாமல் கட்டுவது, தேவை தீர்ந்ததும் அவிழ்த்துவிடுவது என்னும் அந்த எண்ணம் நம் காலத்தில் வேறொரு கடற்கரையில் மந்திரமின்றி நடைமுறைக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த அந்த வரலாற்றைக் கூறவே இக்கட்டுரை.

அச்சத்தில் பிறந்த போர்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ளது நாட்டால் பகுதி. அங்கே 1957 டிசம்பர் முதல் 1958 ஏப்ரல் வரை சில மாதங்களுக்குள் சுறா தாக்கிப் பலர் மாண்டனர். விடுமுறையைக் கழிக்க வந்திருந்த குடும்பங்கள் பெட்டி படுக்கையுடன் ஊர் திரும்பின. கடற்படைக் கப்பல் ஒன்று வந்து கடலுக்குள் வெடிகுண்டுகளைப் போட்டது. மாண்ட சுறாக்களோ மிகச் சில; குண்டுபட்டு மிதந்த மீன்களைத் தின்ன அதைவிட அதிகமான சுறாக்கள் வந்து சேர்ந்தன!

டர்பன் நகரம் 1952-ஆம் ஆண்டிலேயே வேறொரு வழியைக் கைக்கொண்டிருந்தது. அதுவே வலை. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1937-ஆம் ஆண்டு தொடங்கிய முறை அது. 1964-இல் நாட்டாலில் இதற்கெனத் தனி வாரியமே நிறுவப்பட்டுப் பல கடற்கரைகளில் வலைகள் இடப்பட்டன.

‘வலை’ என்றதும், கரையை முழுவதும் அடைத்து நிற்கும் வேலி என்று நாம் எண்ணிக்கொள்வோம். உண்மை அதுவன்று. ஒவ்வொரு வலையும் 200 மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமும், ஏறத்தாழ 6 மீட்டர் உயரமும் உடையது. கண் அரை மீட்டர் அகலம். வலைக்கு மேலும், கீழும், இரு பக்கங்களிலும் சுறா தாராளமாக வந்து போகலாம். சிக்கிய சுறாக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைப்பக்கத்திலிருந்து கடலுக்குத் திரும்பும்போதே சிக்கின. அப்படியானால் இந்த வலை காத்தது எவ்வாறு? சுறாக்களைப் பிடித்துக் கொன்று, அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தே காத்தது.

வலையிட்ட கரைகளில் விபத்துகள் பெரிதும் குறைந்தன என்பதை மறுப்பதற்கில்லை. மகனைக் கடலுக்குப் பறிகொடுத்த தாயிடம் போய், சுறாவுக்காக வாதாட எவருக்குத்தான் மனம் வரும்? ஆயினும் அதற்குக் கொடுத்த விலை பெரிது. எவரையும் தீண்டாத சுறா இனங்களும், திருக்கை, கடலாமை, ஓங்கில் ஆகியவையும் அவ்வலைகளில் மாட்டி மடிந்தன. ஆமையும் ஓங்கிலும் மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாகவேண்டும். வலையில் சிக்கினால் மூச்சடைத்துச் சாவதைத் தவிர அவற்றுக்கு வேறு வழியில்லை.

மலைமேல் நின்ற காவல்

அதே நாட்டின் தென்மேற்கு முனையில், கேப் டவுன் நகரை ஒட்டி ‘ஃபால்ஸ் பே’ என்னும் விரிகுடா இருக்கிறது. பெரிய வெள்ளைச் சுறாவுக்குப் பேர்போன இடம் அது. அவ்விரிகுடாவின் கரையில் மியூசன்பெர்க், ஃபிஷ் ஹூக் என்னும் ஊர்கள் உள்ளன. கடலையொட்டியே மலை எழுந்து நிற்பது இவ்வூர்களுக்கு இறைவன் தந்த வசதி. நம் கரைவலைக்காரரைப் போன்ற மீனவர் அங்கும் உண்டு. மலைமேல் ஒருவரை நிறுத்தி, மீன் கூட்டம் வரும் திசையைப் பார்த்துச் சொல்லச் செய்வது அவர்களுடைய பழைய வழக்கம்.

மீனைப் பார்க்கும் கண் சுறாவையும் பார்க்காதா? 2004-ஆம் ஆண்டு ‘சுறா காவலர்’ திட்டம் தொடங்கியது. வேலையில்லாத ஏழை எளிய மக்கள் பலர் இப்பணியில் அமர்த்தப்பட்டனர். நீரின் ஒளிக்கூச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி அணிந்து, தொலைநோக்கியுடன் ஒருவர் மலைமேல் நிற்பார். மற்றொருவர் கீழே கரையில் நிற்பார். சுறாவின் நிழல் தென்பட்டதும் மேலிருந்து வயர்லெஸ் வழியாகச் செய்தி வரும், உடனே சங்கு ஒலிக்கும், கொடி ஏறும், நீரில் இருப்போர் எல்லாரும் கரையேறிவிட வேண்டும்.

கொடிகள் நான்கு. பச்சைக் கொடி: நீர் தெளிவாக இருக்கிறது, சுறா இல்லை. கறுப்புக் கொடி: சுறா தென்படவில்லை, ஆனால் நீர் தெளிவாகத் தெரியவுமில்லை. சிவப்புக் கொடி: சற்று முன் சுறா காணப்பட்டது, எச்சரிக்கை. சுறா வடிவம் பொறித்த வெள்ளைக் கொடி: இப்போதே வெளியேறுங்கள். ‘எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை’ என்பதைச் சொல்லவும் ஒரு கொடி வைத்த நேர்மையைப் பாருங்கள்!

இம்முறையும் குறையற்றதன்று. மூடுபனியிலும் கலங்கிய நீரிலும் காவலரின் கண் பயன்படாது. ஃபிஷ் ஹூக்கில் 2004-இலும் 2010-இலும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. 2011-இல் வெள்ளைக் கொடி பறந்துகொண்டிருந்தபோதே நீரில் இறங்கிய ஒருவர் காலை இழந்தார். காவலர் கூவலாம், கேட்பது நம் கடமையல்லவா?

காலையில் விரித்து மாலையில் சுருட்டிய வலை

இச்சூழ்நிலையில்தான் 2013-ஆம் ஆண்டு ஃபிஷ் ஹூக் கடற்கரையின் ஒரு மூலையில் புதுவகை வலை ஒன்று சோதனையாக விரிக்கப்பட்டது. டர்பன் வலைக்கும் இதற்கும் பெயரில்தான் ஒற்றுமை. இதன் கண் 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆகவே சுறாவோ ஆமையோ தலையை நுழைத்துச் சிக்கிக்கொள்ள முடியாது. அடித்தளம் முதல் நீர்மட்டம் வரை தொங்கி, நீந்தும் இடத்தை முழுவதுமாக வளைத்து நின்றது. டர்பன் வலையோ பிடிப்பதற்கென இடப்பட்டது. இது தடுப்பதற்கென்றே அமைந்த வேலி.

இவ்வலை காலையில் விரிக்கப்பட்டு மாலையில் சுருட்டி எடுக்கப்பட்டது. திமிங்கிலமோ ஓங்கிலோ அருகில் வந்தால் அன்று விரிப்பதில்லை, விரித்திருந்தாலும் எடுத்துவிடுவார்கள். வலைக்குக் காவலாக ஆட்களும் இருந்தனர். பகலில் கட்டி இரவில் அவிழ்த்த நம் கடல்கட்டியின் கதை இங்கே நினைவுக்கு வருகிறதல்லவா? மந்திரம் செய்யாததை இங்கே மனித உழைப்பு செய்தது. இதற்குச் செலவு அதிகம். ஆட்கள் நாள்தோறும் உழைக்க வேண்டும். பேரலை வீசும் கரையில் இது நிற்காது. எனவே எல்லா இடத்துக்கும் இதுவே மருந்து என்று சொல்லிவிட முடியாது. கொல்லாமலும் காக்கலாம் என்பதற்கு மட்டும் இது கண்கண்ட சாட்சி.

சுறா இல்லாத கடல்

வெள்ளைச் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்த முதல் நாடு தென்னாப்பிரிக்காவே, ஆண்டு 1991. அப்படியிருந்தும் 2017-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபால்ஸ் பேயில் அச்சுறாக்கள் அரிதாயின. 2019-இல், அவ்வாண்டு அதுவரை ஒன்றுகூடத் தென்படவில்லை என்று கேப் டவுன் மாநகராட்சியே அறிவித்தது. ஓர்கா என்னும் கொலைத் திமிங்கிலங்கள் அவற்றை வேட்டையாடி விரட்டின என்பர் சிலர். நாட்டால் வலைகளும் மிகுதியான மீன்பிடிப்புமே காரணம் என்பர் வேறு சிலர். ஃபால்ஸ் பேயில் காவலர் கொல்லாமல் விட்ட சுறா, அதே கரையோரமாக நீந்திச் சென்று நாட்டால் வலையில் மாட்டக்கூடும் என்பதை நாம் மறக்கலாகாது.

‘சுறா போனால் நல்லதுதானே’ என்று கேட்கலாம். 2025-இல் வெளியான ஆய்வு ஒன்று அதற்கு விடை தருகிறது. வெள்ளைச் சுறா மறைந்தபின் அவ்விரிகுடாவில் கடல்நாய்களும் மற்றொரு வகைச் சுறாவும் பெருகின. அவை தின்னும் மீன்களும் சிறு சுறாக்களும் குறைந்தன. கண்டிக்கும் தகப்பன் இல்லாத வீடு போலாயிற்று அக்கடல்.

உலகமெங்கும் ஓராண்டில் சுறாவால் இறப்போர் பெரும்பாலும் பத்துப் பேருக்கும் குறைவே. ஐந்நூறுக்கு மேற்பட்ட சுறா இனங்களில் மனிதருக்கு ஆபத்தானவை மிகச் சில. மறுபுறம், 1970-க்கும் 2018-க்கும் இடையில் பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை நூற்றுக்கு எழுபதுக்கு மேல் குறைந்துவிட்டது. யாருக்கு யார் ஆபத்து?

கூபியோ நகரின் ஓநாய்

புனித அசிசி பிரான்சிஸ், கூபியோ நகரை நடுங்கவைத்த ஓநாயைக் கொல்லச் சொல்லவில்லை. ஊருக்கும் ஓநாய்க்கும் உடன்படிக்கை செய்துவைத்தார் என்பது நாம் அறிந்த கதை. அவர் பெயரைத் தாங்கிய திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல், ஒவ்வோர் உயிரினமும் மனிதனுக்குப் பயன்படுவதால் மட்டுமன்றித் தன்னளவிலேயே மதிப்புடையது என்று போதிக்கிறது. கடலின் பெரிய உயிர்களையும் படைத்து, அவை நல்லவை எனக் கண்டவர் இறைவனே என்பது திருவிவிலியத்தின் முதல் அதிகாரத்திலேயே உள்ளது.

உடன்படிக்கை என்றால் நம் பக்கத்திலும் கடமை உண்டு. அதிகாலையிலும் அந்தி வேளையிலும் நீந்தாதிருத்தல். ஆற்று முகத்துவாரத்திலும், மீன் கழிவு கொட்டும் இடத்திலும் இறங்காதிருத்தல். உடலில் இரத்தக் காயத்தோடு கடலில் குளிக்காதிருத்தல். தனியே ஆழத்துக்குச் செல்லாதிருத்தல். காவலர் சொல்லைக் கேட்டல். இவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பெற்றோர் கடமை.

கடல் நம் வீடன்று. விருந்தாளியாகவே நாம் அதில் இறங்குகிறோம். வீட்டுக்காரரைக் கொன்றுவிட்டு விருந்துண்பது முறையாகுமா?