தாம்பரம் ரெயிலில் மணக்கும் பர்மா!

135 இனங்கள் உள்ள நாட்டில் தமிழனுக்கு இடமில்லாமல் போன கதை

மாலை ஆறரை மணி. பீச் ஸ்டேஷன் வாசலில் ஆபீஸ் விட்ட கூட்டம். தாம்பரம் லோக்கலுக்கு இன்னும் பத்து நிமிஷம். அதற்குள் ஒரு தட்டு 'அத்தோ' உள்ளே போய் விடும்!

நூடுல்ஸ், பொடியாக நறுக்கிய கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள். எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே மொறுமொறு 'பேஜோ'வை நொறுக்கிப் போடுகிறார் கடைக்காரர். பக்கத்தில் வாழைத்தண்டு சூப்.

"காரம் தூக்கலா சார்?" என்ற கேள்விக்குத் தலையாட்டி, சாப்பிட்டு விட்டு பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் ரெயிலேறுகிறார்கள். அந்தத் தட்டில் ஒரு நாட்டின் சரித்திரமே இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கலவை நாடு

'அத்தோ' என்றால் பர்மிய மொழியில் கையால் கலந்தது என்று பொருள். நூடுல்ஸ் சீனர் கொடுத்தது. கலக்கும் முறை பர்மியருடையது. காரம் நம்ம ஆட்கள் கூட்டியது.

நாடும் அப்படித்தான். பர்மியர், ஷான், கரேன், கச்சின், சின், மோன், அரக்கானியர், காயா என்று 8 பெரிய பிரிவுகள். அவற்றுக்குள் 135 இனங்கள் என்பது அரசாங்கக் கணக்கு. ரங்கூனில் சூலே பகோடாவிலிருந்து நடக்கிற தூரத்திலேயே மசூதி, சர்ச், யூதர் கோவில், 1871-ல் தமிழர்கள் கட்டிய காளி கோவில் எல்லாம் இருக்கின்றன.

1931-ல் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள்! கூலி வேலைக்குப் போனவர்கள் உண்டு. லேவாதேவி செய்த செட்டியார்கள் உண்டு. 1930-களில் நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறியது. முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால் பங்கு வயல் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. வயலை இழந்தவனுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

கப்பலேறினார்கள்

1942-ல் ஜப்பான் படை நுழைந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்து வந்தார்கள். பசியிலும் காலராவிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஆயிரக்கணக்கில். யுத்தம் முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள்.

1962-ல் ராணுவத் தளபதி நீ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகண்ணி எல்லாம் அரசுடைமை. 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. நேற்று வரை முதலாளி, இன்று வெறுங்கை! நகைநட்டைக்கூட முழுசாகக் கொண்டு வர விடவில்லை.

தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 1 லட்சத்து 44 ஆயிரம் பேர். அவர்களுக்காக 1969-ல் பீச் ஸ்டேஷன் பக்கம் உருவானதுதான் பர்மா பஜார். தென்சென்னைப் புறநகரில் பெருங்குடியிலும் ஒரு 'பர்மா காலனி' உண்டு.

சிலருக்கு இங்கே ஒட்டவில்லை. பிறந்த மண்ணுக்கே போகிறோம் என்று மணிப்பூர் வரை போனார்கள். எல்லை தாண்ட விடவில்லை. மோரே என்ற எல்லை ஊரிலேயே தங்கி விட்டார்கள். அங்கே அங்காள பரமேஸ்வரிக்கு ஒரு கோவிலும் கட்டினார்கள்.

பட்டியலில் பெயர் இல்லை

பர்மாவிலேயே தங்கியவர்கள் கதை என்ன? 1982-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. பட்டியலில் உள்ள இனமாக இருக்க வேண்டும். அல்லது மூதாதையர் 1823-க்கு முன்பே குடியேறியிருக்க வேண்டும். அவர்களுக்குத்தான் முழுக் குடியுரிமை. பெரும்பாலான தமிழர்கள் போனதே அதற்குப் பிறகுதான். 135 இனப் பட்டியலில் தமிழர் இல்லை. சீனரும் இல்லை. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து, பர்மியப் பெயரும் வைத்துக் கொண்டவர்களுக்கும் இதே கதிதான்.

1964-ல் பத்து வயதுப் பிள்ளையாகக் கப்பலில் வந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டி விட்டது. பர்மியப் பேச்சு அவர்களோடு குறைந்து கொண்டே வருகிறது. பேரன் பேத்திகளுக்கு மிஞ்சியிருப்பது அத்தோவும் பேஜோவும்தான்.

வண்டிக்குப் பின்னால் அப்படி ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால், காரம் சொல்லி முடித்ததும் அவர் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு வண்டி போனால் என்ன, அடுத்த லோக்கல் எப்படியும் வரும்!