கடைசி வரிசையும் தெளிவாகத் தெரிய



செபராங் பிறையில் உள்ள எங்கள் தோட்டப் பள்ளியில், ஆண்டு முடிவில் மாணவர்களை நான்கு வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பது வழக்கம். கைபேசி எல்லார் கையிலும் வராத காலத்தில், ஒருமுறை செலவு மிச்சமாகட்டும் என்று ஆசிரியர்களாகிய நாங்களே அந்தப் படத்தை எடுத்தோம். மாலை நேரம், ரப்பர் மர நிழல். படம் கழுவி வந்தபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த தலைமையாசிரியரின் சட்டைப் பொத்தான்கூடத் தெளிவாக இருந்தது. கடைசி வரிசைப் பிள்ளைகளின் முகங்களோ ஈரத்தாளில் பட்ட மைபோலக் கலங்கிக் கிடந்தன.

பின்னர் தோட்டம் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பல ஊர்களுக்குப் பிரிந்தன. ஒரு தாய் அந்தப் படத்தோடு வந்து, “சார், இதுல எம் மகன் எது?” என்று கேட்டார். அந்த வயதில் எடுத்த வேறு படம் அவர்களிடம் இல்லை. அவன் நின்ற இடத்தைக் காட்ட முடிந்தது. முகத்தைக் காட்ட முடியவில்லை.

காமிராவில் குறை இல்லை. குறை எங்கள் அறியாமையில்தான் இருந்தது. அந்த அறியாமையை நீக்கும் பாடத்தையே இன்று காண்போம்.

லென்ஸ் ஒரே ஒரு தூரத்தைத்தான் மிகக் கூர்மையாகப் படம் பிடிக்கும். ஆனால் அதற்குச் சற்று முன்னும் பின்னும் உள்ளவையும் நம் கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றும். இந்த முன்பின் அளவைத்தான் தெளிவின் ஆழம் என்கிறோம்.

இந்த ஆழத்தை மாற்ற முடியுமா? முடியும். தூரப்பார்வை குறைந்த மாணவன் கரும்பலகையைப் பார்க்க என்ன செய்கிறான்? கண்ணை இடுக்குகிறான். ஒளி நுழையும் வழி குறுகினால், கலங்கிய எழுத்தும் ஓரளவு தெளிகிறது. காமிராவிலும் இதே கதைதான். ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி, லென்ஸைக் கடந்ததும் கூம்புபோலக் குவிகிறது. தூரம் பொருந்தாவிட்டால், புள்ளிக்குப் பதில் சிறு வட்டம் விழுகிறது. துளை சிறுத்தால் கூம்பும் ஒடுங்கும், வட்டமும் சுருங்கும். மிகச் சிறிய வட்டத்தை நம் கண் புள்ளி என்றே ஏற்றுக்கொள்ளும்.

லென்ஸ் வளையத்தில் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற எண்களைப் பார்த்திருப்பீர்கள். எண் பெரிதானால் துளை சிறிது. 50 மில்லிமீட்டர் லென்ஸில் 2 என்றால் துளையின் அகலம் 50இல் பாதி, அதாவது 25 மில்லிமீட்டர். 8 என்றால் எட்டில் ஒரு பங்கு, 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

இப்போது எங்கள் தவற்றைக் கணக்கிடுவோம். முழுச்சட்டக் காமிராவில் அந்த லென்ஸை 5 மீட்டருக்குப் பொருத்தி, 2இல் வைத்தால், ஏறத்தாழ 4.5 மீட்டரிலிருந்து 5.7 மீட்டர் வரைதான் தெளிவு. நாங்கள் முன்வரிசைக்குப் பொருத்தியிருந்தோம். கடைசி வரிசையோ அதற்கு ஒன்றரை மீட்டர் பின்னால் நின்றது. 8இல் வைத்திருந்தால் 3.4 மீட்டரிலிருந்து 9.6 மீட்டர் வரை தெளிந்திருக்கும்.

தூரமும் முக்கியம். அதே 8இல் வைத்து 2 மீட்டருக்கு நெருங்கினால், தெளிவு 80 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். நின்ற இடத்திலிருந்தே அருகில் இழுத்துக் காட்டும் நீண்ட லென்ஸை மாட்டினாலும் ஆழம் குறையும். கைபேசியின் லென்ஸ் மிகச் சிறியது. ஆகவே அதில் ஆழம் இயல்பாகவே அதிகம். அதில் பின்புறத்தை மங்கலாக்குவது பெரும்பாலும் கணினிக் கணக்கே.

அப்படியானால் எப்போதும் சிறு துளையே வைக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு விலை உண்டு. 2இலிருந்து 8க்குப் போனால் ஒளி பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதை ஈடுகட்ட ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். பிள்ளைகள் அசைந்தால் படம் கெடும். 1860களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன் பினாங்கில் பத்து மாதம் தங்கிப் படம் எடுத்தார். மதராஸ்காரர் இருவரைத் தமக்கு உதவியாகப் பழக்கியதாக 1875இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். அக்காலக் கண்ணாடித் தகடுகள் ஒளியை மெதுவாகவே ஏற்றன. துளையைச் சுருக்கினால், எதிரே இருப்பவர் பல விநாடிகள் அசையாதிருக்க வேண்டியிருந்தது.

மங்கலே நமக்கு வேண்டிய நேரமும் உண்டு. தைப்பூசத்துக்கு முதல்நாள் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியில் எவ்வளவு கூட்டம்! அதில் காவடி எடுக்கும் ஒருவரின் முகம் மட்டும் தனித்து நிற்க வேண்டுமானால், அருகில் சென்று துளையை அகலத் திறவுங்கள். மாறாக, குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் முன் பிள்ளைகளும் கோபுரமும் சேர்ந்து விழ வேண்டுமா? 16இல் வைத்து ஐந்தேகால் மீட்டருக்குப் பொருத்துங்கள். 2.6 மீட்டர் முதல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளியும்.

குழுப்படத்துக்கு மூன்று விதிகள் போதும். காலை வெளிச்சத்தில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். வரிசைகளை நெருக்கி, துளையை 8இல் வையுங்கள். முதல் வரிசைக்கல்ல, இரண்டாம் வரிசைக்குப் பொருத்துங்கள். ஏனெனில் தெளிவு முன்னால் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் பரவும்.

மறு ஆண்டு முதல் நாங்கள் அப்படித்தான் எடுக்கிறோம். படம் கைக்கு வந்ததும் முதலில் பார்ப்பது கடைசி வரிசையைத்தான். நீங்களும் அப்படியே பார்த்துப் பழகுங்கள்.