ஆஸ்கருக்கு இரண்டு பேர், ஜார்ஜுக்கு ஓர் எதிர்காலம்

1970இல் சின்சினாட்டி ராயல்ஸ் கூடைப்பந்து அணி ஆஸ்கர் ராபர்ட்சனை மில்வாக்கிக்குக் கொடுத்தது. பதிலுக்கு வாங்கிக்கொண்டது இரண்டே பேரை: ஃப்ளின் ராபின்சன், சார்லி பால்க். கல்லூரி நாளிலிருந்தே அந்த ஊரின் செல்லப்பிள்ளை ஆஸ்கர். ஒரு சீசன் முழுக்க ஆட்டத்துக்குச் சராசரியாக 30 புள்ளி, 12 ரீபவுண்ட், 11 அசிஸ்ட் என்று ஆடிக் காட்டியவர். ஆனால் வயது 31 ஆகியிருந்தது. புதிதாக வந்த பயிற்சியாளர் பாப் கூசிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. முதலில் பால்டிமோருக்குத் தள்ளப் பார்த்தார்கள். மறுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்ததால் அவர் மறுத்துவிட்டார்.

மறுவருடமே மில்வாக்கி சாம்பியன். இறுதியில் அவர்களிடம் 4-0 என்று தோற்றது அதே பால்டிமோர்! ராபின்சன் ஒரே சீசனில் சின்சினாட்டியை விட்டுக் கிளம்பினார். 1972இல் ராயல்ஸ் அணியே ஊர் மாறிப் போனது. அந்த ஒரு டிரேடால்தான் போனது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இன்றுவரை இன்னொரு என்பிஏ அணியைப் பார்க்காத அந்த ஊர் ரசிகர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

அந்தக் காலத்தில் பிடி முழுவதும் கிளப்பின் கையில்தான் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் தன் விருப்பப்படி வேறு அணிக்குப் போய்விட முடியாது. அப்படியிருந்தும் மனக்கசப்பு முற்றியதும் மாணிக்கத்தை அற்ப விலைக்குக் கைமாற்றினார்கள். வில்ட் சேம்பர்லினை 1968இல் லேக்கர்ஸுக்கு அனுப்பிய ஃபிலடெல்பியாவுக்குக் கிடைத்தது மூன்று பேரும் கொஞ்சம் பணமும். பிடி தளர்ந்த பிறகும் பழக்கம் உடனே மாறவில்லை: அதே ஊர் 1992இல் சார்லஸ் பார்க்லியையும் மூன்று பேருக்குக் கொடுத்தது. அவர் ஃபீனிக்ஸை 62 வெற்றிக்கும் இறுதிப் போட்டிக்கும் இட்டுச்சென்று, சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதும் வாங்கினார். ஃபிலடெல்பியா அந்த சீசனில் வென்றது 26 ஆட்டம். கரீம் அப்துல் ஜப்பார் மில்வாக்கியை விட்டுப் போக விரும்பியபோது மட்டும் ஓரளவு நியாயமான விலை கிடைத்தது. வந்த நால்வரில் வின்டர்ஸ், பிரிட்ஜ்மன் இருவரின் ஜெர்சி எண்களையும் அந்த அணி பின்னாளில் அவர்களுக்கு மரியாதையாக ஓய்வு கொடுத்து வைத்தது. ஆனால் அடுத்த கோப்பைக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பிடியைத் தளர்த்தியவரும் ஆஸ்கர்தான். ஆட்டக்காரர் சங்கத் தலைவராக 1970இல் அவர் தொடுத்த வழக்கு 1976இல் சமரசத்தில் முடிந்து, ஒப்பந்தம் முடிந்தவர் விரும்பிய அணிக்குப் போகும் வழியைத் திறந்தது. கூடைப்பந்தில் அவர் சாதித்தவற்றில் இதையே நான் முதலில் வைப்பேன்.

ஒப்பந்தம் முடிந்ததும் ஆட்டக்காரர் போய்விடலாம் என்றானால் அவரை விற்கும் அணிக்கு இன்னும் குறைவாகத்தானே கிடைக்க வேண்டும்? நடந்தது நேர் எதிர். நம் நட்சத்திரமும் போய்விடுவாரோ, வரவேண்டியவர் வராமலே போவாரோ என்ற பயம் இப்போது வாங்குகிறவரைப் பிடித்து ஆட்டுகிறது. 2019இல் கவாய் லெனர்டை இழுக்க, அவரோடு சேர்ந்து ஆட இன்னொரு நட்சத்திரம் கிளிப்பர்ஸுக்குத் தேவைப்பட்டது. ஒக்லஹோமாவிலிருந்த பால் ஜார்ஜும் தன்னை டிரேட் செய்யும்படி கேட்டார். கிளிப்பர்ஸ் கொடுத்த விலை: புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள், தேர்வு வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமை இரண்டு, கலினாரி, அதுவரை ஒரே ஒரு சீசன் ஆடியிருந்த ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர்.

தேர்வு வரிசை மாற்றம் எதற்கு என்றால், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு அணி தொலைத்துவிடக் கூடாது என்று விதி உண்டு. 1980களில் கிளீவ்லாந்து உரிமையாளர் டெட் ஸ்டெப்பியன் கண்ணை மூடிக்கொண்டு விற்றதால் வந்த விதி அது. விற்க முடியாத ஆண்டுகளில் இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று இப்போது சந்து கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஜார்ஜ் 2024இல் ஒப்பந்தம் முடிந்து கிளம்பினார். கிளிப்பர்ஸுக்குக் கைம்மாறாக ஒன்றும் இல்லை. அவர்கள் இறுதிப் போட்டியை எட்டவே இல்லை. 2025இல் ஒக்லஹோமா சாம்பியன், ஷே எம்விபி. அவருக்குத் துணை நின்ற ஜேலன் வில்லியம்ஸ், கிளிப்பர்ஸ் கொடுத்த தேர்வில் வந்தவர். அன்று விற்றவர் ஏமாந்தார், இன்று வாங்குகிறவர் ஏமாறுகிறார். ஆட்டக்காரர் சுதந்திரத்தால் சிறிய ஊர்கள் அழிந்துபோகும் என்று புலம்புகிறவர்கள் ஒக்லஹோமாவை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஃபீனிக்ஸ் கதை இன்னும் வலிக்கிறது. புரூக்ளினில் மனம் ஒட்டாத கெவின் டுரான்டுக்காக 2023இல் மிக்கல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன் ஆகியோரோடு நான்கு முதல் சுற்றுத் தேர்வுகளையும் நிபந்தனையின்றிக் கொடுத்தார்கள். இரண்டே ஆண்டில் பிளேஆஃபுக்குக்கூடத் தகுதி பெறாமல் போய், 2025 கோடையில் அவரை ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். பதிலுக்குக் கிடைத்த ஒரே முதல் சுற்றுத் தேர்வு, அந்த ஆண்டின் 10ஆவது இடம். அது டுரான்டுக்காக ஃபீனிக்ஸே கொடுத்த தேர்வு. புரூக்ளின் வழியாக ஹூஸ்டனுக்குப் போயிருந்தது. 2027, 2029 தேர்வுகள் அப்போதும் திரும்பவில்லை.